வீட்டு நீச்சல் தடாகம்: சட்டம் நுளம்பைப் பார்க்கிறது, பிள்ளையை யார் பார்ப்பது?

வெல்லாவெளி என்றதும் வயலும் குளமும்தான் நினைவுக்கு வரும். படுவான்கரையில் வீட்டு நீச்சல் தடாகம் இன்னும் அரிது. ஆனால் வெளிநாட்டு உழைப்பில் வீடு கட்டுவோரின் ஆசைகள் மாறி வருகின்றன. பழக்கம் பரவிய பின் விதி போடுவதைவிட, அரிதாக இருக்கும்போதே ஒழுங்கு செய்வது இலகு.

இலங்கையில் தடாக உரிமையாளரை நேரடியாகத் தொடும் சட்டம் ஒன்று உண்டு. நுளம்புப் பெருக்கத்தைத் தடுப்பதற்கான 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமே அது. வளவிலுள்ள செயற்கைக் குளம், தடாகம் என்பவற்றின் நீரை வாரம் ஒரு தடவையாவது வெளியேற்றுவது உரிமையாளரின் அல்லது குடியிருப்பவரின் கடமை என்கிறது அது. தவறினால் நீதிமன்றம் செல்ல நேரிடும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் எடுக்கும். ஒரு வாரம் என்ற கணக்கின் காரணம் இதுவே.

நடைமுறையில் இது எளிதல்ல. 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி 1.5 மீற்றர் ஆழமுள்ள தடாகம் 48,000 லீற்றர் நீரைக் கொள்ளும். கிணறு வற்றும் கோடையில் வாராவாரம் அதை இறைத்து ஊற்ற யாரால் முடியும்? குளோரின் கலந்த நீரை வயலுக்கோ வாவிக்கோ திறந்துவிடவும் கூடாது. வடிகட்டி தினமும் ஓடி, குளோரின் அளவு குறையாமல் பேணப்படும் தடாகத்தில் குடம்பிகள் வளர்வதில்லை. ஆபத்து, கட்டிவிட்டுப் பூட்டிச் செல்லும் வீடுகளில்தான். மாரி மழை நிரம்பி, பாசி பிடித்த தடாகம் அயலவருக்கே நோயைக் கொடுக்கும். 2017இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு தாக்கியதையும், கிண்ணியா பட்ட பாட்டையும் நாம் மறந்திருக்க முடியாது.

ஆனால் இந்தச் சட்டம் நுளம்போடு நின்றுவிடுகிறது. நீரில் விழும் பிள்ளையைப் பற்றி அது பேசுவதில்லை. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021இல் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். சிறுபிள்ளை மூழ்கும்போது பெரும்பாலும் சத்தம் எழுவதில்லை. அடுத்த அறையில் இருக்கும் தாய்க்கும் தெரியாது.

பிரான்ஸ் 2003இல் வேலி, எச்சரிக்கை மணி, மூடி, கூரை ஆகியவற்றில் ஒன்றையேனும் கட்டாயமாக்கியது. அவுஸ்திரேலியாவில் குறைந்தது 1.2 மீற்றர் உயர வேலியும், தானாக மூடிப் பூட்டிக்கொள்ளும் கேற்றும் வேண்டும். வளவைச் சுற்றிய மதில் இதற்கு ஈடாகாது; அது தெருப்பிள்ளையைத் தடுக்கும், வீட்டுப்பிள்ளையைத் தடுக்காது. வீட்டுக்கும் தடாகத்துக்கும் இடையிலேயே வேலி வர வேண்டும்.

இதற்குப் பாராளுமன்றத்தைக் காத்திருக்கத் தேவையில்லை. வீட்டு வரைபடத்தை அங்கீகரிக்கும்போதே வேலி, வடிகட்டி, கழிவுநீர் செல்லும் வழி, உரிமையாளர் இல்லாதபோது பொறுப்பாளர் யார் என்ற நான்கையும் பிரதேச சபைகள் கேட்கலாம். பொதுச் சுகாதார பரிசோதகர்கள் நுளம்பு பார்க்கப் போகும் வீட்டில் வேலியையும் பார்க்கலாம். தடாகம் கட்டப் பணம் உள்ளவருக்கு வேலி பெரிய செலவல்ல.