தாழிக்குள் யார்?

எலவனாசூர்கோட்டையில் ஒரு மாலை பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, டீக்கடை பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்த நண்பர் எகிப்து மம்மிகளைப் பற்றி ஆரம்பித்தார். நன்றாகப் படித்தவர். செத்தவன் உடலை நேட்ரான் என்ற உப்பில் 40 நாள் உலர்த்தியது, 70 நாளில் துணி சுற்றி முடித்தது, குடலையும் ஈரலையும் ஜாடிகளில் வைத்துவிட்டு, மறுமையில் தராசில் நிறுக்கப்படும் என்று இதயத்தை மட்டும் உடலிலேயே விட்டுவைத்தது – எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"என்ன நம்பிக்கை பாருங்க!" என்று உருகினார். பிறகு, "நம்ம ஆளுங்களும் இருந்தாங்களே! சாகாத கிழங்களை உயிரோட தாழிக்குள்ளே உட்கார வச்சு, ஒரு விளக்கையும் ஏத்தி வச்சு மூடிட்டாங்க" என்றார்.

இந்தக் கதையை என் பாட்டியும் சொல்லியிருக்கிறாள். பாட்டி சொன்னால் அது கதை. படித்தவர் சொன்னால் அவதூறு.

தாழியைத் திறந்துதான் பார்ப்போமே! ஆதிச்சநல்லூரில் 1876இல் தோண்டிய ஜாகோர் என்ற ஜெர்மானியர், கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு அலெக்ஸாண்டர் ரீ தோண்டினார். வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு ஆயுதங்கள், தங்க நெற்றிப் பட்டங்கள்! பாரம் என்று கழித்துக்கட்டுகிற கிழவனுக்கு எந்த மகன் தங்கப் பட்டம் கொடுத்தனுப்புவான்? சிவகளையில் ஒரு தாழிக்குள் நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள்.

இன்னும் கேளுங்கள். பல தாழிகளில் முழு எலும்புக்கூடே கிடையாது. ஒரு மண்டையோடு, சில எலும்புகள், அவ்வளவுதான். உடலை வேறிடத்தில் இட்டு, சதை அழிந்தபின் எலும்பைப் பொறுக்கி வைத்த சடங்கு அது. பொறுக்கிய எலும்பு எங்கே உயிரோடு உட்காரும்? குந்தவைத்த முழு உடல்களும் கிடைத்திருக்கின்றன, நான் மறைக்கவில்லை. ஆனால் பிணத்தை உட்காரவைத்துப் புதைக்கிற வழக்கம் இன்றும் நம்மிடையே இருக்கிறதே, அவர்களெல்லாம் உயிரோடா புதைக்கிறார்கள்?

புறநானூற்றில், கிள்ளிவளவன் என்ற சோழன் இறந்தபோது ஐயூர் முடவனார் குயவனைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்: இத்தனை பெரியவனுக்கு ஏற்ற தாழியை நீ எப்படி வனையப் போகிறாய் என்று. வேண்டாத கிழவனா அந்தச் சோழன்? இன்னொரு பாட்டில், கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். எகிப்தின் பிரமிடு ஒன்றையும் இந்த ஒரு வேண்டுகோளையும் என் முன்னால் வைத்தால், நான் எதை எடுத்துக்கொள்வேன் என்று சொல்லவேண்டியதில்லை.

பின் இந்தக் கதை எப்படிப் பிறந்தது? கல்வராயன் மலையில், கற்பலகைகளை நட்டுக் கட்டிய ஈமச் சின்னங்களைக் 'குள்ளர் குகை' என்பார்கள். வீடு சிறியது, ஆகவே குடியிருந்தவனும் குள்ளன்! அதே கணக்குதான் இங்கும். 'முதுமக்கள்' என்றால் மூதாதையர் என்று எடுக்காமல், கிழவர்கள் என்று யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்பது என் சந்தேகம்.

எகிப்தை நான் பழிக்கவில்லை. ஆனால் அங்கேயும் பணத்துக்கேற்ப மூன்று தரத்தில் உடலைப் பதப்படுத்தினார்கள் என்று ஹெரோடோடஸ் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஊர்ப் பூனை மம்மிகளை 1890இல் டன் கணக்கில் லிவர்பூலுக்குக் கப்பலேற்றி, அரைத்து உரமாக்கியதும் நடந்ததுதான்.

என் கோபம் வேறு. தலைக்கூத்தல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். படுத்துவிட்ட முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்து முடித்துவிடுவது. விருதுநகர்ப் பக்கத்தில் நடப்பதாக 2010 வாக்கில் பத்திரிகைகளில் வந்தது. தாழி காலத்துச் சங்கதியல்ல ஐயா, செல்போன் காலத்துச் சங்கதி! நாம் செய்வதை, பதில் சொல்ல வாயில்லாத மூவாயிரம் வருஷத்துப் பிணங்களின் தலையில் கட்டிவிட்டு, டீ குடித்துக்கொண்டு சிரிக்கிறோம்.

இதையெல்லாம் நான் சொன்னபோது நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க அம்மாவுக்கு எண்பத்திநாலு" என்றார் கடைசியில், டீக்குக் காசை எடுத்துக்கொண்டே. சேலம் பஸ் வந்துவிட்டது.