ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டும் தகுதி எனக்கு உண்டா?

ஜெர்மனியைச் சேர்ந்த போர்ஷே கம்பெனி 1975-ஆம் ஆண்டில் '911 டர்போ' என்ற ஸ்போர்ட்ஸ் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கம்பெனிக்குள் அதற்கு வழங்கிய எண் 930. மூன்று லிட்டர் கொள்ளளவுள்ள என்ஜின், 260 குதிரைத்திறன், மணிக்கு சுமார் 250 கிலோமீட்டர் வேகம். பணமும் லைசென்சும் இருந்த எவரும் கடைக்குப் போய் அதை வாங்கி வரலாம். பலர் வாங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே அந்தக் காருக்கு ஒரு பட்டப்பெயர் ஏற்பட்டுவிட்டது. நம் மொழியில் சொல்வதானால் 'தாலியறுப்பான்'!

வாங்கியவர்கள் யாரும் கார் ஓட்டத் தெரியாதவர்கள் அல்லர். பல ஆண்டுகள் விபத்தின்றி ஓட்டியவர்களே. பின் ஏன் இப்படி? அந்தக் காரின் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம்.

என்ஜினிலிருந்து வெளியேறும் புகை சாதாரணமாக வீணாகத்தான் போகிறது. அதன் வழியில் ஒரு சிறிய சக்கரத்தை வைத்து, புகையின் வேகத்தாலேயே அதைச் சுழலச் செய்து, அந்தச் சுழற்சியைக் கொண்டு என்ஜினுக்குள் அதிகக் காற்றைத் திணிக்கிறார்கள். அதிகக் காற்று இருந்தால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம். இதுதான் டர்போ. யோசனை அருமையானது. ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் சக்கரம் முழு வேகம் பெற்றுவிடுவதில்லை. புகை பெருகவேண்டும், சக்கரம் சுழலவேண்டும், காற்று அழுத்தம் ஏறவேண்டும். அந்தக் காலத்து டர்போவில் இதற்குக் கணிசமான தாமதம் ஆயிற்று. அதற்குப் பிறகு சக்தி முழுவதும் ஒரேயடியாக வந்து சேர்ந்தது.

இன்னொரு விஷயம்: இந்தக் காரின் என்ஜின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கிறது. ஒரு குச்சியின் ஒரு நுனியில் கல்லைக் கட்டி வீசினால் கல் முன்னால் போக முயலும் அல்லவா? அதேபோல, வழுக்கத் தொடங்கினால் காரின் பின்பகுதி முன்பகுதியை முந்தப் பார்க்கும்.

இப்போது ஒருவர் இந்தக் காரில் ஒரு வளைவுக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்துகிறார். வளைவின் நடுவில் வரும்போது டர்போ விழித்துக்கொள்கிறது. பின் டயர்கள் பிடிப்பை இழந்து பக்கவாட்டில் நழுவுகின்றன. பயந்துபோய்ச் சட்டென்று காலை எடுத்துவிடுகிறார். யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் காலை எடுத்ததும் கார் வேகம் குறைகிறது. பாரம் முன்சக்கரங்களின் மேல் சாய்கிறது. ஏற்கனவே பிடிப்பு போதாத பின்சக்கரங்கள் மேலும் இலேசாகிவிடுகின்றன. கார் பம்பரமாகச் சுற்றுகிறது. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள உடல் தானாகச் செய்த காரியமே ஆபத்தாக முடிகிறது.

திறமை என்று நாம் சொல்வது இங்கே என்ன? உடல் தானாகச் செய்ய விரும்புவதைச் செய்யாமல் இருக்கப் பழகியிருப்பதுதான். அந்தப் பழக்கம் எப்போது வரும்? அந்த நிலைமையைப் பலமுறை சந்தித்தால்தான் வரும். இருபது வருடம் கார் ஓட்டியவர் என்று ஒருவரைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்த இருபது வருடத்திலும் டயர்களின் பிடிப்பில் ஒரு பகுதியை மட்டுமே அவர் பயன்படுத்தியிருப்பார். மீதிப் பகுதி எங்கே முடிகிறது, முடியும் இடத்தில் கார் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததற்குக் காரணம் அவர் நல்ல ஓட்டுநர் என்பதே!

இதில் பௌதிகம் ஒன்றும் கஷ்டமானதல்ல. 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். கார் வளைவதற்குத் தேவையான மையநோக்கு விசையைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு மட்டுமே. உலர்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.8 என்று கொண்டால், வளைவில் போகக்கூடிய அதிகபட்ச வேகத்தின் இருமடி 0.8 × 9.8 × 50, அதாவது 392. வேகம் வினாடிக்கு சுமார் 19.8 மீட்டர், மணிக்கு 71 கிலோமீட்டர். மழை பெய்து குணகம் 0.4 ஆகிவிட்டால் மணிக்கு 50 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் குதிரைத்திறன் எங்காவது வருகிறதா? வரவில்லை. ஓட்டுநரின் பெயரும் வரவில்லை. நல்ல டயரும் நல்ல சாலையும் குணகத்தைச் சிறிது உயர்த்தும், அவ்வளவுதான். டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் போன்றது. வளைவதற்கே முழுவதையும் செலவழித்துவிட்டால், வேகத்தைக் கூட்டவோ பிரேக் போடவோ கையில் மிச்சம் இராது.

நிற்பதற்கான கணக்கையும் போட்டுப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகிறது என்றால், அதற்குள் 28 மீட்டர் போய்விடுகிறார். பிறகு நிற்க 49 மீட்டர். மொத்தம் 77. வேகம் 200 ஆனால் 77-இன் இரண்டு மடங்கு 154 என்று நினைத்துவிடாதீர்கள். 252 மீட்டருக்கு மேல் ஆகிறது. சக்திமிக்க கார் 100-லிருந்து 200-க்குச் சில வினாடிகளில் போய்விடும். ஓட்டுபவரின் கண்ணும் மூளையும் அதே பழைய கண்ணும் மூளையும்தான்.

சரி, அப்படியானால் 'இந்தக் காரை ஓட்டுமளவுக்கு எனக்குத் திறமை இருக்கிறதா?' என்று ஒருவர் நேர்மையாகத் தம்மையே கேட்டுக்கொண்டால் போதாதா? போதாது என்பது என் கருத்து. கேள்வி நல்ல கேள்விதான். பதில் சொல்ல அமர்த்தப்பட்டிருக்கும் ஆள்தான் சரியில்லை.

1981-இல் ஸ்வீடன் நாட்டு மனவியல் அறிஞர் ஓலா ஸ்வென்சன் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் சில மாணவர்களைத் திரட்டி, உடனிருப்பவர்களோடு ஒப்பிட்டுத் தங்கள் ஓட்டும் திறமையை மதிப்பிடச் சொன்னார். அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேர் தாங்கள் திறமையில் மேல்பாதியில் இருப்பதாகச் சொன்னார்கள். ஸ்வீடன் மாணவர்கள் கொஞ்சம் அடக்கமானவர்கள், 69 சதவீதம். மேல்பாதியில் எத்தனை பேர் இருக்கமுடியும் என்பதற்குப் பெரிய கணிதம் வேண்டியதில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினார்கள். அதுதான் சங்கடம்.

நம்பிக்கை தவறாயிருக்கலாம், உண்மையான திறமையைப் பயிற்சியால் வளர்த்துவிட்டால்? நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். வழுக்கும் தரையில் காரைச் சறுக்கவிட்டுப் பயிற்சி கொடுத்தால் விபத்து குறையும் என்பது எவருக்கும் நியாயமாகவே படும். நார்வே நாட்டில் புதிய ஓட்டுநர்களுக்கு அத்தகைய பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 1988-இல் அதன் பலனை ஆராய்ந்தபோது, இளம் ஆண்கள் வழுக்கும் சாலையில் செய்த விபத்துகள் குறையவில்லை, அதிகரித்திருந்தன! ஏன் என்பதற்கு ஸ்வீடனில் கிரெகெர்சன் என்பவர் செய்து 1996-இல் வெளியிட்ட சோதனை ஒரு விளக்கம் தருகிறது. இளம் ஓட்டுநர்களில் ஒரு குழுவுக்கு வழுக்கும் தரையில் காரைச் சமாளிக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார். மற்றொரு குழுவுக்கு, அதே தரையில், 'உன்னால் சமாளிக்க முடியாமல் போகலாம்' என்பதை மட்டும் உணரச் செய்தார். பின்பு சோதித்தால் இரு குழுவினரின் திறமையிலும் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் வித்தை கற்றவர்கள் தங்களைப்பற்றிக் கொண்ட மதிப்பு மட்டும் உயர்ந்திருந்தது.

தேர்ந்த பந்தய ஓட்டுநர்கள்கூட விதிவிலக்கல்லர். அமெரிக்காவில் மூன்று மாநிலங்களில் பந்தய லைசென்சு பெற்றவர்களின் சாதாரணச் சாலை வரலாற்றை, அதே வயதுடைய பிறருடைய வரலாற்றோடு ஒப்பிட்டு 1974-இல் வெளியிட்டார்கள். பந்தய ஓட்டுநர்களே அதிக விபத்துகளிலும், வேக வரம்பை மீறிய வழக்குகளிலும் சிக்கியிருந்தார்கள். அவர்கள் அதிகத் தூரம் ஓட்டியிருக்கலாம் என்று வாதாடலாம், அதற்கும் இடமுண்டு. ஆனால் மிகுந்த திறமை சாலையில் ஒரு கவசமாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அந்த ஆய்வு ஏமாற்றமே தந்தது.

கார் கம்பெனிகள் வேறொரு வழியைக் கண்டன. 1995-இல் ஜெர்மன் கார் ஒன்றில் முதன்முதலாக இடம்பெற்ற மின்னணு நிலைப்புக் கருவி, ஸ்டியரிங் காட்டும் திசையையும் கார் உண்மையில் திரும்பும் திசையையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால், ஓட்டுபவர் உணருவதற்கு முன்பே ஏதாவதொரு சக்கரத்தில் மட்டும் பிரேக் போட்டுக் காரை நேராக்கிவிடுகிறது. எண்ணற்ற உயிர்களைக் காத்த கருவி இது. எனினும் இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கருவி காப்பாற்றியதை ஓட்டுபவர் தன் திறமை என்று எண்ணிக்கொள்கிறார். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் இதை அணைத்துவைக்க ஒரு பொத்தானும் இருக்கிறது. 'நான் தயாராகிவிட்டேன்' என்று ஒருவர் முடிவுசெய்யும் இடம் அந்தப் பொத்தான்தான்.

ஓட்டுபவர் தம் உயிரைப் பணயம் வைப்பது அவர் பாடு என்று விட்டுவிடலாமா? ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரில் 2019-இல் சக்திமிக்க இத்தாலியக் கார் ஒன்று சாலையை விட்டு விலகி நடைபாதையில் ஏறியது. அங்கே நடந்துகொண்டிருந்த 15 வயதுப் பெண் இறந்துபோனாள். உங்கள் வயதுதான். அந்தக் காரை ஓட்டத் திறமை இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியை யாரும் அவளிடம் கேட்கவில்லை.

அந்த விபத்துக்குப்பின் எழுந்த கிளர்ச்சியால் தென் ஆஸ்திரேலிய அரசு ஒரு புது விதி செய்தது. 2024 டிசம்பர் 1 முதல், ஒரு டன் எடைக்கு 276 கிலோவாட்டும் அதற்கு மேலும் சக்தியுள்ள கார்களை ஓட்டத் தனி வகை உரிமம் வேண்டும். நிலைப்புக் கருவி போன்றவற்றை அணைத்துவிட்டு ஓட்டுவதும் அங்கே குற்றம். உரிமத்துக்கான பாடத்தைக் கம்ப்யூட்டரில் வீட்டிலிருந்தே படித்துத் தேறிவிடலாம். 'காரில் ஏறாமலே கார் ஓட்டப் பயிற்சியா?' என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் நானும் சிரித்தேன். நார்வேயின் அனுபவத்தைப் படித்தபின் சிரிப்பு அடங்கிவிட்டது. ஆபத்தை விளக்கும் பாடம் திறமையைத் தராது. திறமை வந்துவிட்டதென்ற மயக்கத்தையும் தராது.

ஆயினும் அந்த விதி போதாது என்றே நான் கருதுகிறேன். முதலில் குறிப்பிட்ட 'தாலியறுப்பா'னின் சக்தி 191 கிலோவாட். எடை ஏறத்தாழ 1.14 டன். வகுத்துப் பாருங்கள், டன்னுக்கு 168 வருகிறது. அத்தனை பேரைக் கலங்கவைத்த கார் அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கிறது! மோட்டார் சைக்கிள் விஷயத்தில் ஐரோப்பிய நாடுகள் இன்னும் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டிருக்கின்றன. 2013 முதல் அங்கே படிப்படியான உரிமம் உண்டு. 16 வயதில் 11 கிலோவாட் வரை. 18 வயதில் 35 கிலோவாட் வரை. அதில் இரண்டு ஆண்டுகள் கழித்தபின் எந்த வண்டியும். இரண்டு சக்கரத்துக்குப் பொருந்தும் நியாயம் நான்கு சக்கரத்துக்கு ஏன் பொருந்தாது? காரிலும் படிக்கட்டு வேண்டும். ஒவ்வொரு படியிலும், மூடிய பந்தயப் பாதையில், பக்கத்தில் அமர்ந்திருக்கும் பயிற்சியாளர் 'மேலே போகலாம்' என்றோ 'கூடாது' என்றோ சொல்லவேண்டும். அப்போதும் அவர் பார்க்கவேண்டியது காரைச் சறுக்கவிட்டு எப்படி மீட்கிறான் என்பதை அல்ல. சறுக்கும் நிலைக்கு வராமலே எப்படி ஓட்டுகிறான் என்பதை.

இதெல்லாம் பணக்காரர்களின் பிரச்சினை என்று தோன்றலாம். முன்பு அப்படித்தான் இருந்தது. 2021-இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் என்ற மின்சாரக் காரைப் பாருங்கள். நான்கு கதவுகள், ஐந்து பேர் உட்காரும் குடும்பக் கார். ஆனால் 760 கிலோவாட்! எடை 2.16 டன் என்பதால் டன்னுக்கு 350-க்கும் மேல். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை இரண்டரை வினாடிக்குள் எட்டிவிடும். உறுமலும் இல்லை, டர்போவின் தாமதமும் இல்லை. அதன் விலையும் அதிகம்தான். ஆனால் மின்மோட்டாரில் சக்தியைக் கூட்டுவது பெட்ரோல் என்ஜினில் கூட்டுவதைவிட எளிது. நீங்கள் லைசென்சு வாங்கும் வயதில் சாதாரணக் கார்களே 1975-இன் ஸ்போர்ட்ஸ் காரைத் தோற்கடிக்கக்கூடும். வளைவின் ஆரம் அப்போதும் 50 மீட்டராகவே இருக்கும்.