பிள்ளை பெயரில் வாங்கிய நிலம்

கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள் ஏற்பட்டபின், திருவள்ளூர் ஜில்லாவின் வடபாகத்தில் நிலத்தின் குணமே மாறிவிட்டது. நெல்லும் வேர்க்கடலையும் மாத்திரம் விளைந்த காலத்தில், ஒரு குடும்பத்தின் நிலம் யார் பெயரில் இருக்கிறதென்று அக்குடும்பத்தாரே விசாரித்ததில்லை. தகப்பனார் உழுவித்தார், எல்லோரும் உண்டார்கள். இன்று கிடங்குக்காரர்களும் மனைப்பிரிவுக்காரர்களும் வாசலில் வந்து நிற்கிறார்கள். தச்சூரிலிருந்து சித்தூர் செல்லும் ஆறுவழிச் சாலைக்கும், மாமல்லபுரம் வரை நீளும் சென்னை எல்லைச் சாலைக்கும் சர்க்கார் நிலம் எடுத்திருக்கிறார்கள். நஷ்டஈட்டு நோட்டீஸ் வந்தவுடன் பெட்டியிலிருந்து பத்திரம் வெளியே வருகிறது. அதில் தகப்பனாரின் பெயர் இல்லை. கிரயம் நடந்தபோது எட்டு வயதுச் சிறுவனாயிருந்த மூத்த குமாரனின் பெயர் இருக்கிறது. வியாஜ்யம் அன்றே பிறந்துவிடுகிறது.

இவ்விதம் எழுதுவதற்கு நம் ஜனங்கள் கூறும் காரணங்கள் பல. பிள்ளையின் ஜாதகத்தில் பூமி யோகம் இருக்கிறது என்பார்கள். கடன்காரன் கைக்கு எட்டாமலிருக்கட்டும் என்பார்கள். 1961-ம் வருஷத்து உச்சவரம்புச் சட்டம் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று விதித்து, 1970-ல் அதுவும் 15 ஆகக் குறைந்தபோது, பெரிய நிலக்காரர்கள் மேஜரான பிள்ளைகளின் பெயரைத் தேடியதும் உண்டு. இன்னொரு காரணத்தை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; அதைப் பின்னர் கவனிப்போம்.

பெயர் பிள்ளையுடையது, பணம் தகப்பனாருடையது என்றால் நிலம் யாருடையது? ஆங்கிலேயருடைய தேசத்தில், தகப்பன் தன் மகன் பெயரில் வாங்கினால் மகனுக்கே கொடுத்ததாக அநுமானிப்பது வழக்கம். அந்த அநுமானம் இந்தியாவுக்குப் பொருந்தாது என்று 1854-ல், வங்காளத்துக் கோஸாயின் குடும்ப வழக்கில், பிரிவி கௌன்ஸிலார் தீர்மானித்தார்கள். பிறர் பெயரில் வாங்குவது இந்நாட்டில் சாதாரண வழக்கமாகையால், பணம் போட்டவரே சொந்தக்காரர் என்பது அத்தீர்ப்பின் சாரம். சென்னை ராஜதானியிலிருந்து சென்ற ஒரு வழக்கில் மனைவியின் விஷயத்திலும் 1925-ல் அவ்வாறே சொன்னார்கள்.

இந்தப் பழைய தைரியத்திலேயே நம் குடியானவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆனால் சட்டம் நகர்ந்துவிட்டது. 1988-ல் பினாமி தடைச் சட்டம் வந்தது. மனைவி பெயரிலும் விவாகமாகாத பெண் பெயரிலும் வாங்குவதற்கு அதில் விலக்களித்தார்கள். வேறு விதமாக ருஜுவானாலன்றி அது அவர்களுடைய நன்மைக்கே வாங்கியதாக அநுமானிக்கவேண்டும் என்றும் விதித்தார்கள். ஆண் பிள்ளை அந்த விலக்கில் சேரவில்லை. 2016-ல் செய்த திருத்தத்தில் மனைவியும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். ஆனால் கிரயப்பணம் வாங்கியவரின் தெரிந்த வருமானத்திலிருந்து சென்றிருக்கவேண்டும் என்பது நிபந்தனை. கணக்கில்லாத ரொக்கத்தைக் கொடுத்து, பத்திரத்தில் பாதி விலையை எழுதிக்கொண்ட தகப்பனார், 'என் பணம்' என்று எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? பதிவுக் கட்டணத்தில் மிச்சம் பிடித்தது நிலத்தையே விழுங்கிவிடுகிறது.

பணத்தைக் காட்டிவிட்டால் மட்டும் போதுமா? தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு பாகப்பிரிவினை வழக்கில், 2019-ம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். பினாமி என்று சொல்பவரே அதை ருஜுப்பிக்கவேண்டும். கிரயப்பணத்தில் ஒரு பங்கைக் கணவர் கொடுத்தார் என்பதால் மட்டும் மனைவியின் சொத்து அவருடையதாகிவிடாது என்றார்கள். அநுபவம் யாரிடம், அசல் பத்திரம் யார் கையில், வாங்கிய நோக்கம் என்ன, பின்னர் அவரவர் நடந்துகொண்ட விதம் என்ன என்பதையெல்லாம் கோர்ட்டார் பார்ப்பார்கள். பட்டா பிள்ளை பெயரில், தீர்வை ரசீது பிள்ளை பெயரில் என்று இருபது வருஷம் விட்டுவைத்த பிறகு, அது வெறும் பெயர்தான் என்று சொல்வது சுலபமான காரியமல்ல.

தகப்பனார்கள் கனவிலும் நினையாத சங்கதி ஒன்றுண்டு. பிள்ளை முந்திக்கொண்டு இறந்துபோனால் நிலம் எங்கே போகும்? 1956-ம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த மகனின் சொத்துக்கு அவன் மனைவி, மக்கள், தாயார் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். தகப்பனார் இரண்டாம் வகுப்பிலிருப்பவர். முதல் வகுப்பில் ஒருவர் உயிரோடிருந்தாலும் நிலத்தை வாங்கியவருக்கு வாரிசு முறையில் ஒரு சென்டும் கிடையாது. பெண்ணின் பெயரில் வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் விசித்திரம். அவள் சந்ததியின்றி இறந்தால் சொத்து அவள் கணவனுக்கும், அவனில்லையேல் அவனுடைய வாரிசுகளுக்கும் போகும். அவர்களில் ஒருவரும் இல்லாவிட்டால்தான் பெற்றோரின் முறை வரும். பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டுமே, சந்ததியில்லாதபோது, தகப்பனாரின் வாரிசுகளிடம் திரும்பும். அவள் பெயரிலேயே கிரயமான நிலத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

மைனர் பெயரில் வாங்கிய நிலத்தைத் தகப்பனாரே கார்டியனாகக் கையெழுத்திட்டு விற்பதும் நம் பக்கத்தில் நடக்கிறது. கோர்ட்டின் முன் அநுமதியின்றி அப்படி விற்கக் கூடாதென்று 1956-ம் வருஷத்து மைனர் கார்டியன்ஷிப் சட்டம் கூறுகிறது. விற்றால், மைனர் விரும்பும்போது அது ரத்தாகக்கூடியது. நிலம் உண்மையில் தம்முடையதே என்று தகப்பனார் வாதாடலாம். ஆனால் 'மைனரின் கார்டியன்' என்று அவரே கையெழுத்திட்ட பத்திரம் எதிரே நிற்கும். தாவணகெரேயில் ஒரு தகப்பனார் 1971-ல் மூன்று மைனர் பிள்ளைகளின் பெயரில் மனைகளை வாங்கி, அநுமதியில்லாமல் விற்றார். பிள்ளைகள் மேஜரானபின் அவற்றை வேறொருவருக்கு விற்றார்கள். தகப்பனாரின் கிரயத்தை ரத்து செய்யத் தனி வழக்கு வேண்டியதில்லை, மேஜரானவர்கள் உரிய காலத்துக்குள் தங்கள் நடத்தையாலேயே அதை நிராகரிக்கலாம் என்று 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்த்தார்கள். நஷ்டப்பட்டது தகப்பனாரிடமிருந்து வந்த கிரயதாரர். சிப்காட்டை நம்பிக் கும்மிடிப்பூண்டியில் மனை வாங்கும் சம்பளக்காரர் வில்லங்க சர்டிபிகேட்டை மட்டும் பார்த்துத் திருப்தியடைகிறார். மூல பத்திரத்திலுள்ள மைனரின் வயதைக் கணக்கிடுவதில்லை.

சொல்லாமல் விட்ட காரணத்துக்கு வருவோம். பெண்களுக்குப் பங்கு போகக்கூடாது என்பதே அது. 1989 மார்ச் 25 முதல், அதற்கு முன் விவாகமாகாத பெண்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிள்ளைகளோடு சம பாத்தியதையைத் தமிழ்நாட்டுச் சட்டம் அளித்தது. 2005-ல் தேசம் முழுவதற்கும் அது வந்தது. 2020-ல் சுப்ரீம் கோர்ட்டார் அதை ஐயமற நிலைநாட்டினர். சட்டசபையின் வாசலில் வந்த உரிமை ரிஜிஸ்திரார் ஆபீசின் வாசலில் வெளியேறுகிறது. சகோதரியின் வழக்கில் சகோதரன் சொல்லும் பதில் ஒன்றே: 'பத்திரம் என் பெயரில் இருக்கிறது, இது தகப்பனாரின் சொத்தல்ல.' எட்டு வயதில் இவர் எந்தத் தொழில் செய்து கிரயம் வாங்கினார் என்று கேட்கும் பொறுப்பும் ருஜுப்பிக்கும் பாரமும் அந்தப் பெண்ணின் தலையில் விழுகின்றன. பணம் கொடுத்த தகப்பனாரோ பெரும்பாலும் அப்போது உயிரோடில்லை. மேடையில் பெண்ணுரிமை பேசும் நண்பர்களில் எத்தனை பேர் வீட்டு நிலம் மகன் பெயரில் மட்டும் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் நலம்.

நிலத்தைத் தமது பெயரிலேயே வைத்துக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளையும் எண்ணி உயில் எழுதுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. உயிலுக்கு முத்திரைத் தீர்வைகூடக் கிடையாது. அது நிற்க, பதிவு இலாகா செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பிள்ளை பெயரில் கிரயம் பதிவாகும்போது, பணம் யாருடையது, எந்த பாங்கிக் கணக்கிலிருந்து சென்றது, நிலம் பிள்ளைக்கே சொந்தமா, குடும்பத்துக்காகவா என்று பத்திரத்திலேயே எழுதும்படி விதி செய்யலாம். மைனர் நிலத்தின் விற்பனைக்குக் கோர்ட் உத்தரவின் நகலை சப்-ரிஜிஸ்திரார் கட்டாயம் கேட்கலாம். திருவள்ளூர் ஜில்லாவின் சட்டசபை மெம்பர்கள் இதை வரும் கூட்டத்திலேயே எழுப்பவேண்டும். பாத்தியத் தகராறு எழுந்த இடத்தில் நஷ்டஈட்டுப் பணம் ஒருவர் கைக்கும் வராமல் தீர்ப்புக்குக் காத்துக்கிடக்கும். அதுவரை வக்கீல் பீஸைக் கடன் வாங்கித்தான் கட்டவேண்டும்.