எண்ணூரை மூடும் 'காக்கா ஆழி': கப்பலோடு வந்த சிப்பிக்கு ரூ.160 கோடி பில்... யார் கட்டுவது?

எண்ணூர் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பது அங்குள்ள மீனவர்களும் இருளர் குடும்பங்களும் தலைமுறையாகச் செய்துவரும் தொழில். வலை வேண்டாம், படகு வேண்டாம். கைதான் முதலீடு.

அந்தக் கையில் இப்போது இறால் சிக்குவதில்லை. கறுப்பா, கூரா, கொத்துக்கொத்தா ஒரு சிப்பிதான் தட்டுப்படுது. மீனவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'காக்கா ஆழி'.

இந்தச் சிப்பியை அகற்ற ரூ.160 கோடி வேண்டும், அதை எண்ணூர் காமராஜர் துறைமுகம்தான் தரணும் என்று 2025 ஜனவரியில் தமிழக நீர்வளத்துறை கோரியது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் இருக்கிறது.

ஒரு சிப்பிக்கு 160 கோடியா? அதுக்கும் துறைமுகத்துக்கும் என்ன சம்பந்தம்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காக்கா ஆழி என்பது என்ன?

அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா. சொந்த ஊர் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா பக்கத்துக் கடலோரங்கள். 2014-ல் பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடாவிலும், 2016-ல் சிங்கப்பூரிலும் தென்பட்டது. அதன்பின் கேரளக் காயல்களிலும் பரவியது. இப்போது எண்ணூர், பழவேற்காடு பகுதி.

நம்ம கடலில் ஏற்கெனவே பச்சை ஆழி இருக்கிறது, மட்டி இருக்கிறது. அவை பிரச்னை இல்லை. சொல்லப்போனால், அவற்றை எடுத்து விற்றுப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. காக்கா ஆழி அப்படி இல்லை. உப்பு கூடினாலும் தாங்குது, குறைந்தாலும் தாங்குது. நூல் போன்ற இழைகளை விட்டு ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு, ஆற்றின் தரையில் பாய் விரித்த மாதிரி படர்ந்துவிடுகிறது.

சிக்கல் இங்கேதான். இறால் சேற்றுக்குள் புதைந்து வாழும் உயிரினம். மட்டியும் அப்படித்தான். மேலே ஓட்டால் ஒரு பாய் விரித்துவிட்டால் கீழே இருக்கும் சேறு மூடிப்போகும். இறாலுக்கு இடம் இல்லை, இறால் பிடிப்பவருக்கு வேலை இல்லை. தடவும் கையை ஓடு கிழிப்பது தனிக் கதை.

கப்பலில் எப்படி ஏறி வந்தது?

இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, பேலஸ்ட் தண்ணீர். சரக்கு இல்லாமல் காலியாகப் போகும் கப்பல் ஆடாமல் இருக்க, அடியில் உள்ள தொட்டிகளில் கடல் தண்ணீரை நிரப்பிக்கொள்ளும். போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அந்தத் தண்ணீரை வெளியே விடும். ஒரு நாட்டில் எடுத்த தண்ணீர் இன்னொரு நாட்டில் கொட்டப்படுகிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகளும் இருக்கும்.

இரண்டாவது வழி, கப்பலின் அடிப்பாகம். கடலில் கிடக்கும் எந்தப் பொருளிலும் முதலில் வழவழவென்று ஒரு பாசிப் படலம் பிடிக்கும். அதன்மேல் கொட்டலசு வரும், சிப்பி வரும், புழுக்கூடு வரும். கப்பல் நகரும் ஊர்தான் என்றால், இவை டிக்கெட் வாங்காத பயணிகள்.

இரண்டில் எது எண்ணூருக்கு இதைக் கொண்டுவந்தது? நீர்வளத்துறை கைகாட்டுவது பேலஸ்ட் தண்ணீரை. ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். நிலக்கரி ஏற்றி வரும் கப்பல் பாரத்தோடு வருவதால் பெரிய அளவில் தண்ணீர் இறக்காது. காலியாக வந்து இங்கே சரக்கு ஏற்றும் கப்பல்தான் இறக்கும். அடிப்பாகத்தில் ஒட்டுவது மட்டும் இரண்டு வகைக் கப்பலுக்கும் பொது. அதனால் ஒரு வழியை மட்டும் அடைத்தால் போதும் என்று இருந்துவிட முடியாது.

இது ஒட்டாமல் இருக்க கப்பல்காரர்கள் எதுவும் செய்வதில்லையா?

செய்கிறார்கள், அவர்களுக்கே நஷ்டம் என்பதால். அடியில் பாசி பிடித்தால் கப்பல் தண்ணீரைக் கிழித்துப் போவது கஷ்டம். டீசல் கூடுதலாகக் குடிக்கும். அரை மில்லிமீட்டர் தடிமனில் பாசிப் படலம் கப்பலின் அடிப்பரப்பில் பாதியை மூடினாலே, கார்பன் வெளியேற்றம் 25 முதல் 30 சதவீதம் வரை கூடலாம் என்கிறது சர்வதேச கடல்சார் அமைப்பின் 'குளோஃபவ்லிங்' திட்ட ஆய்வு.

அதனால்தான் பெயிண்ட். கப்பலின் அடிப்பாகம் பெரும்பாலும் சிவப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக மட்டும் அல்ல. அந்தப் பெயிண்டில் செம்பு ஆக்சைடு கலந்திருக்கும், அதன் நிறமே சிவப்பு. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஒட்ட வரும் உயிர்களை விரட்டும். அதற்குக் கீழே துருப்பிடிக்காமல் இருக்க வேறு பூச்சு. பற்றாததற்கு உடம்பில் ஆங்காங்கே துத்தநாகக் கட்டிகளையும் பொருத்துவார்கள். இரும்புக்குப் பதிலாக அந்தத் துத்தநாகம் அரித்துக் கரையும்.

துருவும் சிப்பியும் ஒன்றுக்கொன்று எப்படிச் சம்பந்தப்பட்டவை என்பதற்கு 200 ஆண்டு பழைய கதை ஒன்று இருக்கிறது. மரக்கப்பல்களின் அடியில் செம்புத் தகடு அடித்திருந்த காலம். தகடு அரித்துப்போகுது என்று பிரிட்டன் கடற்படை கவலைப்பட, விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி 1824-ல் ஒரு வழி சொன்னார். செம்போடு இரும்போ துத்தநாகமோ சேர்த்து வைத்தால் செம்பு அரிக்காது. சொன்னபடியே அரிப்பு நின்றது. ஆனால் பாசியும் கொட்டலசும் மளமளவென்று ஒட்டிக்கொண்டன! ஏன்னா, செம்பு கரைந்துகொண்டிருந்ததுதான் அவற்றை அதுவரை விரட்டிவந்தது. ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்றுக்குக் கதவு திறந்துவிட்ட கதை.

விஷம் கலந்தால் யாருக்குப் பாதிப்பு?

இதைவிடப் பெரிய பாடம் 1970-களில் வந்தது. டிரைபியூட்டைல் டின் என்ற ரசாயனம் கலந்த பெயிண்ட் அப்போது உலகம் முழுக்கப் பிரபலம். பூசினால் வருஷக்கணக்கில் எதுவும் ஒட்டாது. ஆனால் பிரான்ஸின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் வளர்க்கப்பட்ட சிப்பிகளின் ஓடு கோணல்மாணலாக வளரத் தொடங்கியது, குஞ்சு பொரிப்பதும் சரிந்தது. பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்த கொடுமையும் நடந்தது. பிரான்ஸ் 1982-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இதைத் தடைசெய்யும் சர்வதேச ஒப்பந்தம் 2001-ல் உருவாகி, 2008-ல்தான் அமலுக்கு வந்தது.

ஆக, பூச்சு இல்லை என்றால் வெளியூர்ச் சிப்பி வருகிறது. கடும் விஷப் பூச்சு என்றால் உள்ளூர்ச் சிப்பி சாகிறது. இரண்டு பக்கமும் அடி வாங்குவது கரையில் இருப்பவர்தான். இப்போது சிலிக்கான் வகைப் பூச்சுகள் வந்திருக்கின்றன. அவை கொல்வதில்லை, பிடிமானம் கிடைக்காமல் வழுக்கிவிடுகின்றன. விலைதான் அதிகம்.

கப்பலுக்கு மட்டும்தானா இந்தத் தலைவலி?

இல்லை. கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்துக்குக் குளிர்விக்கும் தண்ணீர், கடலுக்கு அடியில் 468 மீட்டர் நீளச் சுரங்கம் வழியாக வருகிறது. அதன் சுவரில் பச்சை ஆழி குடியேறியதால், தண்ணீரில் குளோரின் கலந்து கட்டுப்படுத்தும் நிலை வந்தது.

பாம்பனில் எதிரி உப்புக்காற்று. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தின் எஃகுக்கு துத்தநாகப் பூச்சு, அதன்மேல் எபாக்சி, அதற்கும் மேல் பாலிசிலாக்சேன் என மூன்று அடுக்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள்.

பாலத்துக்கும் அணுமின் நிலையத்துக்கும் செலவு செய்ய ஒரு உரிமையாளர் இருக்கிறார். ஆனால் கொசஸ்தலை ஆற்றின் சேற்றுக்கு? அங்கேதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

பேலஸ்ட் தண்ணீரைச் சுத்திகரித்த பிறகே வெளியே விட வேண்டும் என்கிற சர்வதேச ஒப்பந்தம் 2004-ல் ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர 2015-லேயே மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆனால் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளில் சேர்ந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை.

அடிப்பாகத்தில் ஒட்டுவதற்கு நிலைமை இன்னும் மோசம். 2023-ல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டுதல் இருக்கிறது. வழிகாட்டுதல்தான், கட்டாயம் இல்லை. கட்டாயமாக்கும் ஒப்பந்தத்தை உருவாக்கலாம் என்று 2025 ஏப்ரலில்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். பேலஸ்ட் ஒப்பந்தத்துக்கு 13 வருஷம் ஆனது நினைவிருக்கட்டும்.

இதில் வேலூர் எங்கே வருகிறது?

இதை எழுதும் எனக்கு ஊர் ஆலங்காயம். எண்ணூரிலிருந்து சுமார் 200 கி.மீ., கடல் வாசனையே கிடையாது. ஆனால் இந்த வழக்கின் ஆணிவேர் எங்க பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைப் பாழாக்கியதை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அதில் அறிவித்தது. மாசு ஏற்படுத்திய தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா ரூ.10,000 அபராதமும் விதித்தது. இன்று நாட்டில் எந்த மாசு வழக்கு நடந்தாலும் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டாமல் இருக்க மாட்டார்கள். காமராஜர் துறைமுகத்திடம் 160 கோடி கேட்பதற்கும் அடிப்படை இதே கொள்கைதான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். பாலாற்றில் குற்றவாளியை எண்ணிவிடலாம். தொழிற்சாலைக்கு முகவரி உண்டு, கழிவுநீர் வரும் குழாய் உண்டு. சிப்பிக்கு அது இல்லை. எந்தக் கப்பல், எந்த வருஷம், எந்தக் கொடி என்று நிரூபிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். பக்கத்திலேயே காட்டுப்பள்ளி துறைமுகமும் இருக்கிறது. 'எங்களால்தான் வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?' என்ற கேள்வி எழும். வழக்கு அங்கேயே வருஷக்கணக்கில் நிற்கலாம். சிப்பி நிற்காது, பழவேற்காடு ஏரி பக்கம்தான்.

அடுத்து என்ன?

இதற்கும் பாலாற்றுப் பக்கமே ஒரு விடை இருக்கிறது. 2025 ஜனவரி 30-ல் அதே தோல் தொழிற்சாலை விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு தந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் இழப்பீடு கொடுக்கட்டும், பிறகு மாசுபடுத்தியவரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். அந்த முறையை எண்ணூருக்கும் கொண்டுவந்தால், யார் காரணம் என்ற சண்டை ஒரு பக்கம் நடக்க, மீனவருக்கான நிவாரணம் காத்திருக்க வேண்டியதில்லை.

அகற்றும் வேலையிலும் கவனம் தேவை. இயந்திரத்தை இறக்கி மொத்தமாக வாரினால் சிப்பியோடு இறால் வாழும் சேறும் போய்விடும். கல்பாக்கம் சுரங்கம் மாதிரி குளோரின் போடவும் முடியாது, இது ஆறு. எங்கே கையால் எடுப்பது, எங்கே இயந்திரம் என்று முடிவெடுக்கும் இடத்தில், அந்தச் சேற்றைத் தினமும் தடவிப் பார்க்கும் மீனவர்களும் இருளர்களும் இருக்கணும்.

அகற்றினாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். உள்ளே வரும் கப்பல்களின் பேலஸ்ட் தண்ணீரையும் அடிப்பாகத்தையும் துறைமுகத்தில் சோதிக்கவில்லை என்றால், 160 கோடி செலவழித்துக் காலி செய்த இடத்தில் அடுத்த விருந்தாளி வந்து உட்காரும். அப்போது மறுபடியும் பில் போட வேண்டிவரும்.