மலிவாக வாங்கினால் மட்டும் போதுமா?

1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மூலப்பெயரில் மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியே அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. மருத்துவமனைகள் தமக்குத் தரப்பட்ட பாஸ்புக்கில் குறித்த பண ஒதுக்கீட்டுக்குள் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். கேரளமும் ராஜஸ்தானும் பின்பற்றிய ஏற்பாடு இது. விலை குறைந்தால் தரமும் குறையும் என்பார்கள். ஆனால் மாதிரிகள், தயாரிப்பாளர் பெயர் மறைக்கப்பட்டு, குறியீட்டு எண்ணோடுதான் ஆய்வகத்துக்குப் போகின்றன. தேறிய பிறகே விநியோகம்.

அடுத்து கவனிக்க வேண்டியது கடைசி அலமாரியை. கிடங்கில் இருப்பு இருந்தும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்சுலின் தீர்ந்துபோனால், மலிவு விலையால் நோயாளிக்கு என்ன பயன்? ஆகவே அங்குள்ள இருப்பும் அன்றாடம் பதிவாக வேண்டும். மக்களும் அதைப் பார்க்க வழி வேண்டும். ஊழியருக்கு வேலைப்பளு கூடும் என்ற கவலை நியாயமானதே. அதற்குத் தேவையான மருந்தாளுநர்களை நியமிக்க வேண்டுமே தவிர, கணக்கைக் கைவிடக் கூடாது.