பன்னிரண்டு அணிகளின் சில்லிங்கர்

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இல் மைக் சில்லிங்கரின் பெயரைச் சொன்னால் கூடவே ஒரு சிரிப்பும் வரும். பன்னிரண்டு அணிகளுக்கு ஆடியவர். அது லீகின் சாதனை. எங்கேயும் தேறாதவர் என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள். கனடாவின் ரெஜைனாவில் பிறந்த இந்த முன்கள வீரர் 1990க்கும் 2009க்கும் இடையில் 1,049 ஆட்டங்கள் ஆடி 240 கோல் அடித்தார். 1917இல் தொடங்கிய லீகில் ஆயிரம் ஆட்டம் கண்டவர்கள் சில நூறு பேர்தான். தேறாத ஆளை இத்தனை முதலாளிகள் தேடிப்பிடித்துச் சம்பளம் கொடுத்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி, புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1989இல் அவரை முதல் சுற்றிலேயே, 11ஆவது ஆளாக எடுத்தது. அதே டிராஃப்டில் 53ஆவதாக நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோமையும் 74ஆவதாக செர்கெய் ஃபெதரோவையும் எடுத்தது. லிட்ஸ்ட்ரோம் இருபது சீசனும் அங்கேயே ஆடி ஓய்வுபெற்றார். ஃபெதரோவும் ஸ்டீவ் ஐசர்மேனும் நடுவில் நிற்கும் அணியில் இன்னொரு சென்டருக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும்? 1995இல் சில்லிங்கர் அனாஹெய்ம் அணிக்குப் போனார். ஃபெதரோவ், ஐசர்மேன் அளவுக்கு அவருக்குத் திறமை இல்லை என்பது உண்மைதான். ஆனால் நடுவர் வட்டைப் போட்டதும் தட்டிப்பறிக்கவும், ஓர் ஆள் குறைவாக நிற்கும்போது தாக்குப்பிடிக்கவும் எல்லா அணிக்கும் ஆள் தேவை. அந்த வேலைக்குத்தான் அவரைக் கூப்பிட்டார்கள்.

வேண்டியவரை யாராவது விடுவார்களா என்று கேட்கலாம். விடுவார்கள். 2005-06இல் தம் 34ஆவது வயதில் 32 கோல் அடித்தார். அவருடைய மிகச் சிறந்த சீசன் அது. அதன் நடுவில்தான், கடைசி இடத்தில் தவித்த செயின்ட் லூயிஸ் அவரை நாஷ்வில்லுக்கு மாற்றியது. நன்றாக ஆடியதே மாற்றத்துக்குக் காரணம். ஆடாதவருக்கு ஈடாக யாரும் எதுவும் தருவதில்லை. 2003 ஜூலையில் கொலம்பஸ் அவரை டாலஸுக்குக் கொடுத்தது, டாலஸ் அதே நாளில் ஃபீனிக்ஸுக்கு அனுப்பியது. ஃபீனிக்ஸிலிருந்து பதிலுக்கு வந்தவர் டெப்போ நும்மினென், 1988 முதல் ஒரே கிளப்பில் இருந்தவர். ஒரே இடத்தில் நிலைத்தவருக்கும் வீரர்களை மாற்றிக்கொள்ளும் அந்த ஏற்பாட்டில் பாதுகாப்பு இல்லை.

லீகை வெல்லும் அணிக்குரிய ஸ்டான்லி கோப்பை அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. டெட்ராய்ட் 1997இல் வென்றபோது அவர் அங்கே இல்லை. வீட்டாரும் அலைந்தார்கள்: மகன் கோல் 2003 மே மாதம் கொலம்பஸில் பிறந்தார், ஜூலையில் அப்பாவுக்கு வேறு ஊர். இழப்பு இல்லை என்று வாதிட முடியாது. அதற்குப் பொறுப்பு யார் என்பதே கேள்வி. சம்மதமின்றி மாற்றக் கூடாது என்ற ஷரத்தை எழுதி வாங்க, பேரம் பேசும் வலுவுள்ளவர்களால்தான் பெரும்பாலும் முடிகிறது. சில்லிங்கர் தாமே ஒப்பந்தம் போட்டுப் புதிய அணிக்குப் போனது 2001இல் கொலம்பஸுக்கும் 2006இல் நியூயார்க் ஐலண்டர்ஸுக்கும் மட்டும். ஐலண்டர்ஸோடு போட்ட மூன்றாண்டு ஒப்பந்தம் முடியும்வரை அங்கேயே இருந்தார்.