பூசை முடிந்த பிறகு

மூணாறு கார்மேல் மாதா கோயில் 2024-ஆம் ஆண்டில் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. கொழுந்து கிள்ளும் ஜனங்கள் முழங்காலிட்ட கோயிலுக்கு ரோமாபுரியின் கௌரவம் கிடைத்ததில் தமிழர்கள் பெருமைப்படுவது நியாயமே. ஆனால் ஒரு பங்கின் உண்மையான தகுதியை அறிய வேண்டுமானால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு வாசலில் அரைமணி நேரம் நின்று பார்க்க வேண்டும்.

1898-இல் அல்போன்ஸ் என்ற ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் சபைக் குருவானவர் தொடங்கிய பங்கு இது. அந்நாளில் பூசை லத்தீனில் நடந்தது. 1965-இல் முடிவுற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னரே பீடத்திலும் தமிழ் ஒலித்தது. இன்று அதே கோயிலில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் பூசை உண்டு.

எஸ்டேட் தொழிலாளிக்கு லயத்து வீடு கம்பெனியுடையது. ஓய்வு பெற்றால் அதைக் காலி செய்தாக வேண்டும். அப்படிப்பட்டவனுக்கு "இது என் இடம்" என்று சொல்லிக்கொள்ளக் கோயில் ஒன்றுதான் உண்டு. மகளின் கல்யாணப் பேச்சு, ஆஸ்பத்திரியில் கிடப்பவரின் சேதி, கடன் தவணை, ஊருக்குப் போகும் ஜீப், எல்லாம் அந்த வாசலில்தான் பேசி முடிக்கப்படுகின்றன. (டீக்கு யார் காசு கொடுப்பது என்பது தனி வழக்கு.)

பாலக்காட்டு எல்லையிலும் கோயில் இப்படித்தான் துணை நின்றது. 1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்ட பின்னும், அங்குள்ள லத்தீன் வழிபாட்டுக் கத்தோலிக்கர்கள் கோவை மறைமாவட்டத்திலேயே நீடித்தார்கள். சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உண்டானது 2013 டிசம்பரில்தான். அதுவரை அரசாங்கம் போட்ட கோட்டைக் கோயில் கண்டுகொள்ளவில்லை.

இப்படி அரவணைக்கப்பட்ட தமிழர்களிடம் இப்போது ஒரு கேள்வி வந்து நிற்கிறது. லயத்துப் பிள்ளைகள் படித்துவிட்டுக் கோவைக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். காலியான லயங்களில் ஜார்க்கண்ட், அஸ்ஸாம் தொழிலாளர்கள் குடியேறுகிறார்கள். ஜார்க்கண்ட் ஆதிவாசிகளில் கிறிஸ்தவர்கள் கணிசமானவர்கள். லீவன்ஸ் என்ற பெல்ஜிய சேசு சபைக் குரு சோட்டா நாகபுரியில் பணி தொடங்கியது 1885-இல். ஆக, மூணாறு பங்கைவிட மூத்தது அவர்களுடைய விசுவாசம். தமிழ்ப் பூசையில் அவர்கள் வாய் திறவாமல் நிற்க நேர்ந்தால், அந்தக் குறை யாருடையது?

"மலையாளத்துக்கு நடுவே தமிழைக் காப்பாற்றுவதே பாடு; இதில் இந்தி வேறா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். பயம் பொய்யல்ல. ஆனால் தமிழ்ப் பூசைக்கு ஆபத்து கடைசி பெஞ்சிலிருந்து வரப்போவதில்லை. தமிழ் எழுத்தே தெரியாமல் வளரும் சொந்தப் பிள்ளைகளால்தான் வரும். வாசகம் படிக்கக் கூப்பிட்டால் அவர்கள் நழுவுகிறார்கள். ஞாயிறு மறைக்கல்வியில் கால்மணி நேரம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் தமிழ் பிழைக்கும். தமிழ்ப் பூசையின் நேரத்தை யாரும் தொட வேண்டாம். மாதம் ஒருமுறை இந்தியில் ஒரு பூசை, அதற்குக் குரு கிடைக்காவிட்டால் ஒரு வாசகமாவது போதும். பங்குப் பேரவையில் அவர்களில் ஒருவருக்கு நாற்காலி போடலாம். ஜூலை 16 திருவிழாவுக்கு முன் நடக்கும் ஜெபமாலையில் ஒரு பத்து மணியை அவர்கள் தங்கள் பாஷையில் சொல்லட்டும்.

இதற்கு மேலிடத்து உத்தரவு தேவையில்லை. பூசை முடிந்ததும் வாசலில் நிற்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டால் போதும்.